ஆரம்ப சுகாதார நிலையங்களின் செயல்திறனை அளப்பதில் உதவி தேவை

வணக்கம். எங்கள் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களை ஒப்பிட்டு ஆய்வேடு எழுதுகிறேன். 1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் வகுத்த ‘டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ்’ முறையைப் பயன்படுத்துகிறேன். போட்ட வளத்துக்கு எவ்வளவு சேவை கிடைத்தது என்று நிலையங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் முறை அது. மருத்துவர், செவிலியர், படுக்கை, மருந்துச் செலவு ஆகிய வளங்கள் ஒருபுறம். புறநோயாளிகள், பிரசவங்கள் ஆகிய விளைவுகள் மறுபுறம்.

சிக்கல் இதுதான். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. அந்த நோயாளி புறநோயாளிச் சீட்டு வாங்க வருவது குறைகிறது. நன்றாக உழைக்கும் நிலையம் கணக்கில் பின்தங்கி நிற்கிறது. இது பெரிய அநியாயம். மலையில் 20,000 பேருக்கு ஒரு நிலையம், சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று என்ற விதிமுறையும் ஒப்பீட்டைக் குழப்புகிறது.

வீடு தேடிச் சென்ற சேவையைத் தனி விளைவாகச் சேர்த்துக் கணக்கிட்டவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள். அந்த வீட்டுச் சேவையின் பதிவேடுகளைப் பார்வையிட யாரிடம் அனுமதி கேட்பது?