மறு: உட்சண்டையா, கிட்டக்குத்தா?

அன்புள்ள குழுவினருக்கு,

குத்துச்சண்டைச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில், எதிராளியை ஒட்டி நின்று குத்துகிற 'இன்சைட் ஃபைட்டர்' பற்றி ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> இன்சைட் ஃபைட்டர் என்பதற்கு 'உட்சண்டையாளர்' என்றே வைத்துக்கொள்ளலாம். எளிதாக இருக்கிறது.

எளிதுதான். ஆனால் நாளிதழ் படிக்கும் எவருக்கும் 'உட்சண்டை' என்றவுடன் ஒரே கட்சியின் இரண்டு கோஷ்டிகள்தாம் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அந்தச் சொல் குத்துச்சண்டை மேடையில் பிறந்து பிறகு அரசியலுக்குப் போனது. தமிழில் அரசியல் பொருள் முன்னமே வேரூன்றிவிட்டது. அங்கிருந்து அதை மேடைக்கு இழுத்து வருவது வீண்வேலை.

இன்னொரு நண்பர் முன்வைத்த 'அணுக்கப் போராளர்' காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் அணுக்கம் என்பதில் அன்பு இருக்கிறது. அணுக்கத் தொண்டர் என்கிறோம். எதிராளியின் விலா எலும்பைக் குறிவைத்து நுழைபவனுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 'நெருக்கச் சண்டை' இவற்றைவிட நல்லது. ஆனாலும் 'நெருக்கு' என்ற வேரைச் செலவழித்துவிடாமல் பத்திரமாக வைத்திருப்போம். ஓயாமல் முன்னேறி வந்து எதிராளியைக் கயிற்றோரம் ஒதுக்குகிறவனுக்கு அது வேண்டியிருக்கும். நெருக்குகிறவன் எல்லோரும் கிட்டே நின்று குத்தத் தெரிந்தவர்கள் அல்லர்.

நான் சொல்ல வந்த சொல்லை நான் உருவாக்கவில்லை, கேட்டேன். வியாசர்பாடியில் ஒரு மாடியில் மாலை நேரப் பயிற்சி நடக்கிறது. சென்ற வாரம் உயரமான பையன் ஒருவனும், அவன் தோளுக்கு எட்டுகிற கட்டையான பையன் ஒருவனும் மோதினார்கள். கட்டையானவன் தலையைத் தாழ்த்தி, நெற்றியை எதிராளியின் மார்பில் பதித்தான். பிறகு முழங்கையை விலாவோடு ஒட்டவைத்தபடியே சிறு சிறு குத்துகளாக வயிற்றில் இறக்கினான். உயரமானவனின் நீண்ட கைகள் அவன் முதுகுக்குப் பின்னால் வெறுமனே அலைந்தன. கையை மடக்கவும் இடமில்லை, நீட்டவும் இடமில்லை. பயிற்சியாளர் கீழே நின்று திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "எட்ட நில்! கிட்ட விடாதே!"

கிட்ட, எட்ட. இரண்டு சொற்களும் கையிலேயே இருக்கின்றன. எனவே என் முன்மொழிவு: கிட்டக்குத்து, எட்டக்குத்து. ஆட்களுக்குக் கிட்டக்குத்தாளர், எட்டக்குத்தாளர்.

'கிட்ட' பேச்சுவழக்குதானே என்று சிலர் தயங்கலாம். கிட்டப்பார்வை பாடநூலில் இருக்கிறது. எவரும் அதைக் கொச்சை என்பதில்லை. கிட்டுதல் என்றால் நெருங்குதல் என்று அகராதிகளும் பொருள் தருகின்றன. ஈழத்தில் 'கிட்டடியில்' என்பது அன்றாடச் சொல்.

'எட்ட' இதைவிட அழகானது. எட்ட நில் என்றால் தள்ளி நில். கைக்கு எட்டுகிறது என்றால் தொட முடிகிற தூரம். ஒரே சொல்லில் தொலைவும் தொடுகையும் இருக்கின்றன. நல்ல எட்டக்குத்தாளர் தேடுவதும் அந்த இடத்தைத்தான்: என் கை உனக்கு எட்ட வேண்டும், உன் கை எனக்கு எட்டக் கூடாது.

இதை 1990 பிப்ரவரி 11 அன்று டோக்கியோவில் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் பஸ்டர் டக்ளஸ் செய்து காட்டினார். மைக் டைசனின் கைவிரிவு, அதாவது விரித்த இரு கைகளின் மொத்த அகலம், 71 அங்குலம், டக்ளஸுடையது 83. ஓர் அடி வித்தியாசம். மிகக் கனமானவர்களுக்கான ஹெவிவெயிட் பிரிவுக்கு எடையில் மேல்வரம்பு இல்லை. அன்று 190 பவுண்டைத் தாண்டியவர்கள் எல்லோரும் ஒரே பிரிவுதான். அதனால்தான் அங்கே இத்தகைய ஜோடிகள் அமைகின்றன, குட்டையானவர் உள்ளே புகுந்தே தீர வேண்டியிருக்கிறது. டக்ளஸ் இடக்கை ஜாப்பை, அதாவது நேராக நீட்டும் விரைவுக் குத்தை, ஓயாமல் நீட்டினார். நேர்கோட்டில் பின்வாங்காமல் பக்கவாட்டில் விலகினார். டைசன் கிட்டிவிட்டால் கைகளைப் பிணைத்துக்கொண்டார். பந்தயத் தரகர்கள் 42-க்கு 1 என்று டைசன் பக்கம் நின்ற அந்தப் போட்டி பத்தாம் சுற்றில் டைசன் வீழ்ந்ததுடன் முடிந்தது. ஆனால் எட்டாம் சுற்றின் இறுதியில் ஒரு கணம் இடைவெளி சுருங்கியது. கீழிருந்து மேலாக ஏறும் குத்தான அப்பர்கட் ஒன்றால் டைசன் டக்ளஸைத் தரையில் சாய்த்தார். கிட்டக்குத்து எத்தகையது என்பதற்கு அந்த ஒரு குத்தே போதும்.

'ஆளுக்குப் பெயர் வைப்பதா, செயலுக்கா' என்ற கேள்விக்கு 1996 நவம்பர் 9 பதில் சொல்கிறது. லாஸ் வேகஸில் எவாண்டர் ஹோலிஃபீல்ட் டைசனிடமிருந்து விலகி ஓடவில்லை. கிட்டேயே நின்றார். டைசன் நெருங்கும்போதெல்லாம் உடல் வலிமையால் பின்னுக்குத் தள்ளினார், கைகளைக் கட்டினார், அவருடைய வீச்சுகளுக்கு இடையே தன் குத்தை முந்தவிட்டார். பதினொன்றாம் சுற்றில் நடுவர் நிறுத்தினார். ஒருவரே ஒரே இரவில் இரண்டு வகையாகவும் குத்தலாம். ஆகவே செயற்பெயர் முதலில், ஆட்பெயர் அதிலிருந்து பிறக்கட்டும்.

> கிளின்ச் என்பதற்குக் கட்டிப்பிடி?

வேண்டாம். எதிராளியின் கைகளைப் பிணைத்துக்கொள்ளும் இந்தக் கிளின்ச்சுக்கு நம்மிடம் பழுத்த சொல் ஒன்று இருக்கிறது. தெற்கத்தித் தற்காப்புக் கலையான அடிமுறையின் ஆசான்கள் 'பூட்டும் பிரிவும்' என்று கற்பிக்கிறார்கள். பூட்டு என்பது பிடித்து முடக்குவது, பிரிவு என்பது அதிலிருந்து விடுபடுவது. அங்கே மூட்டுகளை முறுக்குவார்கள், குத்துச்சண்டையில் அது கூடாது என்பதை அறிவேன். ஆனால் எதிராளியின் கையை அக்குளில் இடுக்கி அசையவிடாமல் செய்வதைப் பூட்டு என்று சொன்னால் யாருக்கும் விளக்க வேண்டாம். நடுவரின் ஆணையும் உடன் கிடைக்கிறது: "பிரி!"

ரீச் என்பது இரு கைகளையும் விரித்து, ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை, மார்பையும் சேர்த்து அளப்பது. ஆகவே மேலே கைவிரிவு என்று எழுதினேன். 'கைநீளம்' தவறான அளவைச் சொல்லிவிடும்.

வடசென்னையில் இந்த விளையாட்டுக்கு ஆங்கிலக் குத்துச்சண்டை என்றே பெயர். பழைய சுவரொட்டிகளில் முன்னால் 'ரோசமான' என்ற அடைமொழியும் சேரும். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை சொல்லிச் சண்டையிட்ட ஊர் இது. அந்த மனிதர்கள் பயன்படுத்திய சொற்களை யாரும் முழுமையாகத் தொகுக்கவில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை. காசிமேட்டிலோ ராயபுரத்திலோ பெரியவர்களைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து கேட்டு எழுதுங்கள். அவர்களிடம் வேறு சொல் இருந்தால் கிட்டக்குத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அப்பர்கட் ஒன்றுதான் எனக்கு இன்னும் அகப்படவில்லை. 1973-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் ஜோ ஃப்ரேசியரின் தோள்களை இரு கைகளாலும் தள்ளி இடைவெளி உண்டாக்கி, அவர் குனிந்து மறுபடி நுழையும்போது கீழிருந்து மேலாக ஏற்றினார். இரண்டே சுற்றுகளில் ஆறு முறை வீழ்த்தினார். 'மேல்வெட்டு' கத்தியை நினைவூட்டுகிறது. 'எழுகுத்து' என்று எழுதிப் பார்த்தேன்; சொல்லும்போது முதல் எழுத்துகளில் வேகம் போதவில்லை. 'ஏற்றுக்குத்து' எப்படி இருக்கிறது?

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து