இரும்பு அயனியில் 24 எலக்ட்ரான், குரோமியத்திலும் 24. அமைப்பும் ஒன்றா?

சாட்ஸ்வொர்த்_அம்மா:
மகள் டர்பனில் முதலாண்டு கெமிஸ்ட்ரி படிக்கிறாள். இரும்பின் அணு எண் 26. 2+ அயனியில் இரண்டு எலக்ட்ரான் போக 24 மிச்சம். குரோமியத்தின் அணு எண்ணும் 24. அப்படியானால் இரண்டின் எலக்ட்ரான் அமைப்பும் ஒன்றுதானே? விடைத்தாளில் 3டி என்ற ஆர்பிட்டாலில் (எலக்ட்ரான்கள் இருக்கும் இடம்) 6, 4எஸ் என்ற ஆர்பிட்டால் காலி என்று இருக்கிறது. பத்தாம் கிரேடில் இதே வழியில் போட்ட கணக்கெல்லாம் சரியாகத்தானே வந்தது?

தனிமவரிசை:
விடைத்தாள் சரி அக்கா. அணு எண் என்பது புரோட்டான்களின் எண்ணிக்கை மட்டும்தான். மின்சுமை இல்லாத அணுவில் எலக்ட்ரானும் அதே அளவு இருப்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். இரண்டு எலக்ட்ரான் போனாலும் உட்கருவில் 26 புரோட்டான் அப்படியே இருக்கிறது, அதனால் அது இரும்புதான்.

அயனிக்கு முதலில் முழு அணுவை எழுத வேண்டும். இரும்பு: ஆர்கான் அணுவில் இருப்பதுபோல் 18 எலக்ட்ரான், பிறகு 3டி-யில் 6, 4எஸ்-இல் 2. இனி எடுக்கும்போது, எந்த ஆர்பிட்டாலின் முன் எண் பெரியதோ அதிலிருந்து எடுக்க வேண்டும். 4எஸ் இரண்டும் போகிறது, 3டி-யில் 6 நிற்கிறது. 3+ என்றால் 3டி-யிலிருந்தும் ஒன்று போய் 5.

குரோமியம் அணுவில் 3டி-யில் 5, 4எஸ்-இல் 1. ஜோடி சேராத எலக்ட்ரான் அதில் 6, இரும்பு 2+ அயனியில் 4. எண்ணிக்கை 24 என்று ஒத்துப்போவதோடு சரி.

பத்தாம் கிரேடில் ஏன் தவறு தெரியவில்லை என்றால், அங்கே பாடம் அணு எண் 20-ஓடு நின்றுவிடுகிறது. கால்சியத்தில் 20-இலிருந்து 2 கழித்து, 18-ஐக் கீழிருந்து நிரப்பினாலும் ஆர்கான் அமைப்புதான் வரும். 3டி-யில் ஒன்றுமே இல்லாததால் குறுக்குவழி தப்பிக்கிறது. டைட்டேனியம் 2+ போட்டுப் பாருங்கள்: குறுக்குவழி 4எஸ்-இல் 2 என்று சொல்லும், உண்மையில் 3டி-யில் 2. துத்தநாகத்திலும் இதே கதிதான்.

ருஸ்டன்பர்க்_வாசி:
மேலே சொன்னதெல்லாம் சரி. “4எஸ் முதலில் நிரம்புகிறது, அப்படியானால் அதுதானே கீழே இருக்க வேண்டும், ஏன் முதலில் போகிறது?” என்று மகள் அடுத்துக் கேட்பாள். நிரப்பும் வரிசை என்பது அணு எண் ஒவ்வொன்றாகக் கூடும்போது மொத்த ஆற்றல் எப்படிக் குறைவாக இருக்கும் என்பதற்கான கணக்கு. ஒரே அணுவுக்குள் ஏணிப்படி போட்டு வைத்ததாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்காண்டியம் முதல் 3டி-யின் ஆற்றல் 4எஸ்-ஐவிடக் கீழே போய்விடுகிறது. ஆனாலும் 3டி இறுக்கமான இடம், அதில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று அதிகமாகத் தள்ளும். அதனால் அணுவில் சில எலக்ட்ரான்கள் 4எஸ்-இல் தங்குகின்றன. அயனியில் எலக்ட்ரான் குறைந்து தள்ளலும் குறைவதால், மிச்சம் எல்லாம் 3டி-யிலேயே அடங்கிவிடும்.

குரோமியம் போல நிரப்பும் வரிசைக்கு வரும் விதிவிலக்குகளைக் காரணம் சொல்லித் தப்பிக்காமல் மனப்பாடம் செய்துவிடுவதே நல்லது. அணு எண் 20-களில் குரோமியம், செம்பு இரண்டுதான். “பாதி நிரம்பினால் உறுதி” என்ற விளக்கம் எல்லா இடத்திலும் செல்லாது. நம் ருஸ்டன்பர்க் சுரங்கங்களில் கிடைக்கும் பிளாட்டினத்தில் 5டி-யில் 9, 6எஸ்-இல் 1. அதே தாதுவில் வரும் பல்லேடியத்தில் 4டி-யில் 10, 5எஸ் சுத்தமாகக் காலி.

சாட்ஸ்வொர்த்_அம்மா:
நன்றி. அப்படியானால் இரும்பு 2+ போலவே அமைப்பு உள்ள வேறு எதுவும் இல்லையா?

தனிமவரிசை:
இருக்கிறது, கோபால்ட் 3+. 27-இல் 3 போனால் 24, அதுவும் 3டி-யில் 6. இரும்பு 3+, மாங்கனீசு 2+ இரண்டும் 23, இரண்டிலும் 3டி-யில் 5. அணு எண் 23 உள்ள வனேடியம் அணுவிலோ 3டி-யில் 3, 4எஸ்-இல் 2. இந்தத் தனிமங்களில் அயனியை அயனியோடு ஒப்பிடட்டும், அணுவோடு வேண்டாம்.