கனவென்று தெரிந்தே காணும் கனவு

காசிமேட்டுவாசி: மீன்பிடித் துறைமுகத்தில் நிற்பதாகக் கனவு வந்தபோது, விசைப்படகின் பதிவெண் பார்க்கும்போதெல்லாம் மாறியதால், இது கனவுதான் என்று உறக்கத்திலேயே உணர்ந்தேன். இது மனக்கோளாறா, ஆன்மிக அனுபவமா?

தண்டையார்பேட்டை மாணவி: கோளாறு அன்று, ஐயா. 1975இல் இங்கிலாந்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர், இது கனவென்று உறக்கத்திலேயே உணர்ந்த ஒருவர் முன்பே பேசி வைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்துத் தந்த சைகையைக் கருவியில் பதிவு செய்தார். எழுத்தும் எண்ணும் மாறுவது பலரும் சொல்லும் அடையாளமே. ஆனால் இப்படிப்பட்ட கனவை வரவழைப்பதற்காக நள்ளிரவில் அலாரம் வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒற்றியூரான்: சைவ சித்தாந்தம் நனவு, கனவு, சுழுத்தி (ஆழ்ந்த உறக்கம்), அதையும் கடந்த துரியம், துரியத்தையும் கடந்த துரியாதீதம் என ஐந்து அவத்தைகளை, அதாவது உயிரின் நிலைகளைக் கூறுகிறது; கனவில் தெளிந்ததையே துரியம் என்று கொண்டாடுவது, என் கருத்தில், அவசரம்.

காசிமேட்டுவாசி: நேற்றும் வந்தது, மகிழ்ச்சியில் துள்ளியதும் விழித்துவிட்டேன்.

தண்டையார்பேட்டை மாணவி: அடுத்த முறை, கனவு நீடிக்க, அது கலைவதற்குள் கனவிலேயே உள்ளங்கைகளைத் தேய்த்துப் பாருங்கள்.