மறு: 'நோடு' என்பதற்குக் கணு வேண்டாம்

அவையோருக்கு வணக்கம்.

பெஞ்ச்ரெஸ்ட் துப்பாக்கிப் போட்டி பற்றிய கையேட்டைத் தமிழில் எழுதிவரும் தம்பி எட்டு ஆங்கிலக் கலைச்சொற்களுக்குத் தமிழ் கேட்டு இந்த இழையைத் தொடங்கினார். மற்ற ஏழையும் ஓரிரு வரியில் தாண்டிவிட்டு, மருந்தளவைச் சற்றுக் கூட்டினாலும் குண்டு விழும் உயரம் மாறாத இடத்தைச் சுட்டும் 'நோடு' (node) ஒன்றை மட்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறோம். மேசைமேல் தாங்கலில் துப்பாக்கியை வைத்து, ஐந்து குண்டுகளையும் ஒரே துளையில் போடப் பார்க்கும் இந்த விளையாட்டில் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முதலில் 'லோடு' (load). அது தெளியாமல் 'நோடு' தெளியாது.

> லோடு = சுமை. மின்னியலில் ஏற்கெனவே பழகிய சொல். புதிதாக எதற்கு?

தம்பி, பக்கத்து மேசைக்காரர் "இன்றைக்கு என்ன சுமை?" என்று கேட்டால் நான் என் முதுகைத்தான் தடவிப் பார்ப்பேன்.

ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல் இரண்டு வேலை பார்க்கிறது. "லோடு எவ்வளவு?" என்றால் தோட்டாவின் கூட்டுக்குள் கொட்டிய மருந்தின் எடை. "என்ன லோடு?" என்றால் முழு வரலாறு: எந்த மருந்து, எத்தனை கிரெயின் எடை, எந்தக் குண்டு, அது கூட்டுக்குள் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது, கூட்டின் கழுத்து அதை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது, அடியில் பற்றவைக்கும் பொட்டு எது. இவற்றில் ஒன்றை அசைத்தால் மற்றவையும் அசையும்.

முதல் பொருளுக்கு 'மருந்தளவு' போதும். மருத்துவர் நினைவு வருகிறது என்று அக்கா எழுதியிருந்தார். வரட்டுமே. துப்பாக்கிக்குப் போடுவதையும் நோயாளிக்குக் கொடுப்பதையும் மருந்து என்றே அழைத்துப் பழகிய மொழி இது. இரண்டிலும் அளவு மிஞ்சினால் ஆபத்து ஒன்றுதான். மருந்து செய்தவர்கள் வெளியிடும் அட்டவணையின் கீழ்ப்பகுதியில் தொடங்கி மெல்ல ஏறு, மேல்வரம்பைத் தாண்டாதே என்ற விதியைக் கையேட்டில் எழுதும்போது 'மருந்தளவு' என்ற சொல்லே பாதி எச்சரிக்கையைச் செய்துவிடும்.

இரண்டாம் பொருளுக்கு 'பக்குவம்' என்பேன். சேர்க்கும் பொருள்கள், அவற்றின் அளவு, சேர்க்கும் முறை, கடைசியில் வந்து சேரும் சரியான நிலை, நான்கையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம். 'தோட்டாப் பக்குவம்' என்றால் சுடுபவர் எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. மாதக்கணக்கில் அலைக்கழிக்கும் 'லோடு டெவலப்மென்ட்' வேலைக்குப் 'பக்குவம் தேடுதல்'. 'மேம்பாடு' என்று எழுதினால் அரசு அறிவிப்பு போல ஆகிவிடும்.

'வெடிமருந்து' பற்றி ஒரு வார்த்தை. கூட்டுக்குள் இருப்பது வெடிப்பதில்லை, எரிகிறது; வேகமாக எரிந்து வளியாகிக் குண்டைத் தள்ளுகிறது. 1884இல் பிரான்சில் பால் வியேய் நைட்ரோசெல்லுலோஸைக் கொண்டு புகையில்லா மருந்தைச் செய்ததிலிருந்து, கருமருந்தின் காலத்துச் சொற்கள் கொஞ்சம் பொருந்தாமல்தான் நிற்கின்றன. நூலில் 'உந்துமருந்து' என்று ஒருமுறை வரையறுத்துவிட்டு, பிறகு வெறும் 'மருந்து' என்று போய்க்கொண்டே இருக்கலாம். மேசையில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள்.

'கிரெயின்' எடை அலகாகவே இருக்கட்டும்: 64.8 மில்லிகிராம், ஒரு பவுண்டுக்கு 7000. ஆனால் மருந்தின் ஒவ்வொரு துணுக்கையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால் அழைப்பதுண்டு. அங்கே 'குருணை' என்று பிரித்துவிடுங்கள். 'ஒரு கிரெயினில் பல குருணைகள்' என்று எழுத முடிவது தமிழுக்குக் கிடைத்த ஆதாயம்.

இனி 'டியூன்'. இதற்கு எவரும் புதுச் சொல் தேட வேண்டியதில்லை. சுருதி சேர்த்தல். அணியழகுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

100 கஜம், 200 கஜம் தூரத்துக் குழுப் போட்டிகளில் (குழு என்பது ஆட்கள் அல்ல, தாளில் விழுந்த ஐந்து துளைகளின் கூட்டம்; அது எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது) 1970களின் நடுவில் லூ பால்மிசானோவும் பெர்ரிஸ் பிண்டெலும் .220 ரஷ்யன் என்ற தோட்டாவின் கூட்டிலிருந்து உருவாக்கிய 6 பிபிசி தோட்டாவின் ஆட்சிதான் இன்றும். அதற்குப் பலர் போடுவது பின்லாந்தின் வித்தவூரி என்133 மருந்து, நுண்ணிய குழல் வடிவக் குருணை. பெரும்பாலோர் வீட்டில் தோட்டா செய்து கொண்டுவருவதில்லை. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில், களத்திலேயே, மேசை ஓரத்தில் பற்றுக்கருவியை மாட்டிச் செய்கிறார்கள். மருந்தை நிறுப்பதும் குறைவு; கைப்பிடி சுழற்றும் அளவியால் கன அளவாகக் கொட்டுகிறார்கள். கைப்பிடியைத் திருப்பும்போது உருளையின் விளிம்பில் ஒரு குருணை சிக்கி நறுக்கென்று வெட்டுப்படும். அந்த அதிர்வு உள்ளங்கையில் தெரியும். பழகிய கை அந்தக் கொட்டலைத் திரும்பக் குடுவையில் ஊற்றிவிட்டு மறுபடி கொட்டும்.

காலையில் ஐந்து துளைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த அதே பக்குவம், வெயில் ஏறிய பிறகு மேலும் கீழுமாகப் பிரியத் தொடங்கும். காற்று பக்கவாட்டில் தள்ளும் என்பதால் கொடிகளைப் பார்த்துச் சமாளிக்கலாம். நேர்க்கோட்டில் மேலும் கீழும் பிரிந்தால் குற்றம் காற்றில் இல்லை, சுருதியில் இருக்கிறது என்பது மேசைப் பாடம். மருந்து சூடேறினால் எரிவேகம் கூடும், அழுத்தம் கூடும், குண்டு குழலைவிட்டு வெளியேறும் நொடித்துணுக்கு மாறும். அளவியின் சக்கரத்தை ஓரிரு சொடுக்கு திருப்பி மருந்தளவைச் சற்றே மாற்றினால் துளைகள் மறுபடி கூடும். வாசிப்பின் நடுவே தட்பவெப்பம் மாறிவிட்டதென்று மிருதங்கத்தைத் தட்டித் தட்டிச் சரிசெய்பவரின் வேலையும் இதுதான். 100 கஜத்தில் ஐந்து குழுக்களின் சராசரி அகலம் 0.2 அங்குலத்துக்குக் கீழே வந்தால்தான் வெற்றியைப் பற்றிப் பேசவே முடியும் என்ற இடத்தில், இந்தச் சுருதி விலகல் எவ்வளவு பெரிது என்று யோசியுங்கள்.

இப்போது வம்புச் சொல்லுக்கு வருகிறேன்.

> நிலை அலையில் அதிர்வில்லாத புள்ளி 'கணு' என்று பாடநூலில் நிலைத்துவிட்டது. இங்கும் அதே கருத்துத்தான். குழப்பம் வேண்டாம்.

இயற்பியல் ஆசிரியர் ஐயா, உங்கள் பாடநூல் சரி. அதனால்தான் இங்கே கணு கூடாது என்கிறேன். துப்பாக்கிக் குழல் ஒரு முனையில் பிடிக்கப்பட்டு மறுமுனை விடுபட்ட கோல். விடுபட்ட முனையில் வருவது எதிர்க்கணு என்று நீங்களே வகுப்பில் சொல்வீர்கள். குண்டு வெளியேறுவது அந்த முனையில். அங்கே போய்க் 'கணு' என்று பெயர் வைத்தால் உங்கள் மாணவன் உங்களையே மடக்குவான்.

சுடுபவர்கள் நோடு என்று சொல்வது வேறு. மருந்தளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிச் சுட்டுக்கொண்டே போகும்போது, அளவு கூடியும் குண்டு விழும் உயரம் மாறாமல் நிற்பதாகத் தோன்றும் ஒரு சிறு எல்லை. அந்த எல்லையின் நடுவில் மருந்தளவை வைத்துக்கொண்டால், கொட்டலில் வரும் சிறு பிசகையும் வெயிலின் சேட்டையையும் அது பொறுத்துக்கொள்ளும்.

ஏன் அப்படி நிற்கிறது? குண்டு வெளியேறும் கணத்தில் குழல்முனை ஆட்டத்தின் உச்சியில் திரும்பிக்கொண்டிருப்பதால் என்பார் ஒருவர். இல்லை, முனை மேலேறும்போது வெளியேறுவதுதான் நல்லது, மெதுவான குண்டு சற்றுத் தாமதித்துச் சற்று உயரமான கோணத்தில் கிளம்பி வேகமான குண்டு விழுந்த இடத்திலேயே விழும் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் குழலையே பார்க்கமாட்டார். வேகமானியில் எண் ஏறாமல் நிற்கும் இடத்தை நோடு என்பார். மூன்று பேரும் மூன்று பொருளைச் சொல்கிறார்கள், ஒரே பெயரில். அவர்களுக்குள்ளேயே முடியாத வழக்குக்கு நாம் 'கணு' என்று தீர்ப்பு எழுதிக் கொடுப்பானேன்?

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் குறிப்பேட்டில் ஒரு நோடு இருந்தது. ஒரே குழல், ஒரே மருந்துக் குடுவை. அடுத்த வாரம் அதையே திரும்பச் சுட்டேன், இடம் மாறியிருந்தது. மூன்றாவது முறை இரண்டாகப் பிரிந்தது. சந்தேகம் வந்து ஒரு குறும்பு செய்தேன். பத்துத் தோட்டாக்களில் ஒரே மருந்தளவை, இம்முறை தராசில் நிறுத்தே போட்டு, கூடுகளில் 1 முதல் 10 வரை எண் எழுதிச் சுட்டேன். இலக்குத்தாளை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, "ஏறுவரிசையில் மருந்து போட்டது, நோடு எங்கே இருக்கிறது பாருங்கள்" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பென்சிலால் 4, 5, 6ஐ அழகாக வட்டமிட்டார். உண்மையைச் சொன்னதும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அளவுக்கு ஒரு குண்டு வீதம் சுட்டால் சிதறலே நமக்குப் படம் வரைந்து காட்டிவிடும். மூன்று குண்டும் போதாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. சோற்றுப் பருக்கைகள் ஒன்றுபோல் வெந்திருக்கும், குண்டுகள் அப்படி விழுவதில்லை.

அந்தப் பழமொழிதான் எனக்குச் சொல்லைக் கொடுத்தது. 'பதம்'.

இரும்பு பதம், மண் பதம் என்கிறோம். மண் ஏன் உழவுக்கு வாய்த்தது என்று அந்தச் சொல் காரணம் காட்டுவதில்லை. கை வைத்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது, இந்த நிலையில் வேலையைத் தொடங்கலாம் என்பது மட்டுமே அதன் சாட்சியம். சற்று முன்னும் பின்னும் போனாலும் பதம் தாங்கும், அதிகம் போனால் தப்பிவிடும். நாளை மறுபடி பார்க்க வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. 'கணு' இயற்பியல் காரணத்தை உறுதி செய்கிறது. 'பதம்' கண்டதை மட்டும் சொல்கிறது. நிரூபணம் பாதியில் நிற்கும் ஒரு பொருளுக்கு இந்த அடக்கமே பொருத்தம். எல்லையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பதவெல்லை' என்று நீட்டிக்கொள்ளலாம்.

> 'பதம் பார்த்தல்' என்றால் கத்தி கையைப் பதம் பார்த்தது நினைவுக்கு வராதா?

வரும், அக்கா. அதனால் வினைக்குப் 'பதம் காணுதல்' என்று போடலாம். ஆனால் மேல்வரம்பை மீறி மருந்து கொட்டுகிறவர்களைப் பற்றிய அத்தியாயத்தில் 'பதம் பார்த்தது' என்பதை அப்படியே விட்டுவைக்கும்படி தம்பியைக் கேட்டுக்கொள்கிறேன்.

மற்றவை வேகமாக. மருந்து எரியும் வேகத்துக்கு 'எரிவேகம்' என்பதில் எனக்குச் சிக்கலில்லை. ஏறுபடியாக அளவைக் கூட்டிச் சுடும் சோதனைக்கு 'ஏணிச் சோதனை' என்று தம்பி வைத்தது நேர்பெயர்ப்புதான், ஆனாலும் தமிழிலும் ஏணி ஏறத்தான் செய்கிறது, இருக்கட்டும். குண்டு குழலின் உட்புறச் சுருள்வரிகளின் மேட்டைத் தொடுவதற்குமுன் கடக்கும் இடைவெளிக்குக் 'குதி' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'தாவல்' என்றால் பெயர்ச்சொல்லாக நன்றாக நிற்கும். 'கழுத்திறுக்கம்' பிரமாதம், யார் சொன்னது என்று தேடினேன், அக்காதான்.

தம்பி, மூன்றாம் அத்தியாயத்தின் முதல் பத்தியை இந்தச் சொற்களைப் போட்டு எழுதி அனுப்புங்கள். 'பதம்' வரும் இடத்தில் வாசிப்பு இடறினால் நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கணுவுக்கு மட்டும் கையெழுத்துப் போடமாட்டேன்.

அன்புடன்,
மேசைக்காரன்