ரெண்டு மாயாவியும் சந்திச்சிருந்தா...

கோட்டை அகழி, வேலூர்:

மூணாங்கிளாஸ் படிக்கும்போது எனக்கு ரெண்டு மாயாவியைத் தெரியும். ஒருத்தர் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவி. கரண்டைத் தொட்டா உடம்பு மறைஞ்சு கை மட்டும் நிக்கும். இன்னொருத்தர் ராணி காமிக்ஸ் மாயாவி. காடு, மண்டையோட்டுக் குகை, முகமூடி, மோதிரக் குத்து. ஒரே பேர்ல எப்படி ரெண்டு ஆளுன்னு கொசப்பேட்டை பசங்களுக்குள்ள பெரிய பஞ்சாயத்தே நடக்கும். மோதினா யார் ஜெயிப்பாங்கன்னுதான் எல்லாரும் அடிச்சுக்குவாங்க. எனக்கு அந்தக் கவலை இல்ல. ரெண்டு பேரும் ஒரு டீக்கடை பெஞ்சுல உக்காந்தா ஒருத்தரை ஒருத்தர் என்னன்னு கூப்பிட்டுக்குவாங்க? எனக்கு அதுதான் தெரியணும்.

இதே சங்கதியை சூப்பர்மேன், பேட்மேன் கதை போடற அமெரிக்க டிசி காமிக்ஸ்காரங்க 1961லயே எழுதிட்டாங்கன்னு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சது. ஃபிளாஷ் 123வது இதழ். கதை கார்ட்னர் ஃபாக்ஸ், படம் கார்மைன் இன்ஃபன்டினோ. மின்னல் வேகத்துல ஓடற ஃபிளாஷ்தான் பாரி ஆலன். அவன் சின்ன வயசுல படிச்ச காமிக்ஸ்ல ஃபிளாஷா வந்த ஹீரோ ஜே கேரிக். அந்த ஃபிளாஷ்ங்கிற பேரைத்தான் தனக்கு வச்சுக்கிட்டான். ஒருநாள் வேகத்துல அதிர்ந்து வேற பூமிக்குத் தாவிடறான். அங்க ஜே கேரிக் நிஜமான ஆளாவே இருக்கார். காதோரம் நரைச்சு, கல்யாணமாகி, வேலையை விட்டு ஓய்வுல. அந்த நரையைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. 1940ல வந்த ஹீரோவுக்கு அந்தப் பக்கம் நிஜமாவே வயசாகியிருக்கு!

ஆனா நான் முதல்ல படிச்சது அதை இல்ல. காலேஜ் நாள்ல, லாங் பஜார் பக்கம் எடைக்குப் புத்தகம் போடற கடையில, அட்டை இல்லாத ஒரு இங்கிலீஷ் காமிக்ஸ் 5 ரூபாய்க்குக் கிடைச்சது. ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டுப் போன யாரோ போட்டதா இருக்கும். மேல் மூலையைக் கரையான் தின்னிருந்தது. உள்ள ஒரு பொண்ணு. ராத்திரி தூங்கி எழுந்தா, அவளோட அப்பா, அம்மா, வளர்ந்த வீடு எதுவுமே இந்த உலகத்துல எப்பவும் இருந்ததே இல்ல. யார் இவ, எதுக்கு அழறான்னு புரியாம திரும்பத் திரும்ப அந்தக் கட்டங்களையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அது மார்வ் உல்ஃப்மேன் எழுதி ஜார்ஜ் பெரெஸ் வரைஞ்ச கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ், 11வது இதழ்னு பின்னாடிதான் கண்டுபிடிச்சேன். 1985, 86ல 12 இதழா வந்தது. அந்தப் பொண்ணு ஹெலனா வேய்ன். பூமி-2ல, அதாவது ஜே கேரிக் இருந்த அந்த வேற பூமியில, பேட்மேன், கேட்வுமனைக் கட்டிக்கிட்டுப் பெத்த மக. பகல்ல வக்கீல், ராத்திரியில ஹன்ட்ரஸ்ங்கிற பேர்ல முகமூடி ஹீரோ. எல்லா பூமியையும் இடிச்சு ஒண்ணாக்கினப்போ அவளோட பூமி காணாமப் போச்சு, இவ மட்டும் மிச்சம். யோசிச்சுப் பாருங்க. படிச்ச பட்டம் செல்லுமா? சாவி திறக்குமா? இந்த உலகத்து பேட்மேன் எதிர்ல வந்தா "அப்பா"ன்னு கூப்பிட முடியுமா? அவருக்குக் கல்யாணமே ஆகலையே! இதை வச்சே பத்து வருஷம் எழுதலாம். அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? அடுத்த இதழ்லயே அவளைக் கொன்னுட்டாங்க. உடம்புகூடக் கிடைக்கல.

எனக்கு அந்தக் கடுப்பு இன்னும் தீரல. உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா? வேற பூமின்னு ஆசை காட்டி, இலையைப் போட்டு, சோறு வைக்காமப் போன கதை?

குடியாத்தம் லுங்கி:

அண்ணா, இன்னா அநியாயம் பாரு. அவனுங்க 1985ல எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டானுங்க. நாம உல்டாவா 1989ல வட ஆற்காட்ட ரெண்டாக்கி, 2019ல வேலூர மூணாக்கினோம். எங்க மாமா திருப்பத்தூர்காரு. பழைய சர்டிபிகேட்ல வட ஆற்காடு, ரேஷன் கார்டுல வேலூரு, புதுசா வாங்கினதுல திருப்பத்தூரு. ஊட்ட உட்டு ஒரு அடி நகரல மனுஷன். ஒரு ஆபீஸ்ல மூணையும் வாங்கிப் பாத்துட்டு, "மூணு பேரும் நீங்கதானா?"ன்னு கேட்டாங்களாம். மாமா வெளிய வந்து, "மூணு பேருக்கும் ஒரே மூட்டுவலிடா"ன்னாரு.

ஹெலனா கதைய எங்க மாமாகிட்ட குடுத்திருந்தா நல்லா எழுதியிருப்பாரு.

ராத்திரி ட்யூட்டி, வேலூர்:

நான் ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு லாட்ஜ்ல ரிசப்ஷன். அந்தப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், பாதி போர்டு வங்காளத்துலதான் இருக்கும். போன வருஷம் கொல்கத்தா பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், அப்பாவுக்கு வைத்தியம். பையனுக்குப் பன்னெண்டு வயசு இருக்கும். ராத்திரி ஆனா கவுன்டர் பக்கத்துல வந்து உக்காந்து போன்ல காமிக்ஸ் படிப்பான். எனக்கு அரைகுறை ஹிந்தி, அவனுக்கு அரைகுறை இங்கிலீஷ். இந்த பூமி ஹீரோ கூட்டம் ஜஸ்டிஸ் லீகும் பூமி-2 ஹீரோ கூட்டம் ஜஸ்டிஸ் சொசைட்டியும் சேர்ற பழைய கதை ஒண்ணைக் காட்டினான். 1963லேர்ந்து வருஷா வருஷம், திருவிழாவுக்கு வர்ற சொந்தக்காரங்க மாதிரி, அந்த பூமி ஆளுங்களும் இந்த பூமி ஆளுங்களும் ஒரு தடவை சேர்வாங்களாமே. சேர்ந்தா சண்டை, முடிஞ்சா டாட்டா.

அவன் கேட்டான்: "அங்கிள், இத்தனை தடவை போய்ட்டு வர்றாங்களே, அந்த பூமியில கண்டுபிடிச்ச மருந்தை ஏன் யாரும் எடுத்துட்டு வரல?"

எனக்குப் பதில் இல்ல. ஃபிளாஷ் நெனச்சா ஒரு நாளைக்கு நூறு தடவை போய்ட்டு வரலாம். ஒரு ஐஸ் பெட்டி போதும். அதுலேர்ந்து பாலாத்துப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கும் இதே ஓடுது. தண்ணி ஓடுற பாலாறு இருக்கிற ஒரு பூமி இருந்தா, ஒரு பைப்பு இழுக்க மாட்டோமா? அதுக்கு என்ன விலை கேப்பாங்க? அந்தப் பக்கத்து ஆளுங்க விடுவாங்களா? காவிரிக்கே இந்தப் பாடு.

பையனோட அப்பா நல்லா நடந்தே ரயிலேறினார். கேக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்.

திமிரி அக்கா:

நான் காமிக்ஸ் அதிகம் படிச்சவ இல்ல. பையன் படிக்கிறான், கூடப் பார்ப்பேன். ஆனா கூத்து நிறையப் பார்த்திருக்கேன். எங்க பக்கம் திரௌபதியம்மன் கோயில்ல அக்னி வசந்த விழான்னா பத்து ராத்திரிக்குக் கொறையாது. கடைசி நாள் காலையில துரியோதனன் படுகளம். களத்துல மண்ணால அவ்வளவு பெரிய துரியோதனனைப் படுக்க வச்சிருப்பாங்க. வேஷக்காரங்க அதும்மேல ஏறிச் சுத்திச் சுத்தி ஆடுவாங்க. பீமன் தொடையில அடிச்சதும் திரௌபதி கூந்தலை முடிவா. அது ஆனதும் ஒப்பாரி ஆரம்பிக்கும் பாருங்க. அடுத்த வருஷம் இதே துரியோதனன் முறுக்கு மீசையோட வந்து நிப்பான்னு அங்க உக்காந்திருக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்படியும் எங்க சின்னம்மா முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழும். அவன் வில்லன்பா!

பையன் அந்த கிரைசிஸை எனக்குக் காட்டினான். முதல் இதழ்லயே பூமி-3 அழியுது. அந்த பூமியில எல்லாம் தலைகீழ். சூப்பர்மேன் மாதிரி இருக்கிறவங்கதான் அங்க அக்கிரமக்காரங்க, லெக்ஸ் லூதர் ஒருத்தன்தான் நல்லவன். வெள்ளையா ஒண்ணு வந்து எல்லாத்தையும் முழுங்கிட்டு வரும்போது, அந்த லூதரும் அவன் பெண்டாட்டி லோயிஸும் கைக்குழந்தையை ராக்கெட்டுல வச்சு வேற பூமிக்கு அனுப்பறாங்க. அந்த இடத்துல எனக்குத் தொண்டை அடைச்சுது. பக்கத்தைத் திருப்பறதுக்குள்ள அடுத்த பூமி போயிடுச்சு. அப்புறம் அடுத்தது. ஒரு சாவுக்கு அழுது முடிக்கிறதுக்குள்ள இன்னொரு பாடை வந்தா எந்த ஊர்ல அழ முடியும்? கோடி கோடி ஜனம் செத்துச்சுன்னு எழுதியிருக்கு. ஒரு ஒப்பாரி இல்ல.

எங்க கூத்து வாத்தியார் ஒரே ஒரு துரியோதனனுக்கு ஒரு காலை முழுக்கக் குடுக்கறார்.

காட்பாடி ஜங்ஷன்:

எல்லாரும் சாபம் விட்டாச்சா? நான் கொஞ்சம் மாறிப் பேசறேன், அடிக்க வராதீங்க.

ஹெலனாவைக் கொன்னது தப்புதான் தல, ஒத்துக்கறேன். ஆனா அவ பிறந்தது எப்படின்னு பாருங்க. 1977ல வந்தா. 1979ல பூமி-2 பேட்மேன் சாகறார், உண்மையான சாவு, திரும்பி வரல. அந்தப் பக்கத்து சூப்பர்மேன் தன் காதலி, அந்த பூமி லோயிஸைக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்தினார். இதெல்லாம் ஏன் முக்கியக் கதை நடக்கற பூமி-1ல நடக்கல? பூமி-1 பேட்மேன்தான் பனியன்லயும் டிபன் பாக்ஸ்லயும் இருக்கார். அவருக்கு நரைக்கக் கூடாது, பொண்ணு பிறக்கக் கூடாது. பூமி-2 யாரும் கணக்குல வைக்காத கொல்லைப்புறம். அங்க எழுதறவங்களுக்குப் பூட்டு இல்ல. நீங்க ஏங்கற கதை எல்லாம் அந்தக் கொல்லையில சத்தமில்லாம முளைச்சுக்கிட்டுத்தான் இருந்தது. புது வாசகனுக்குக் குழப்பமா இருக்குன்னு சொல்லி 1985ல அந்தக் கொல்லையைத்தான் கான்கிரீட் போட்டாங்க. எனக்கும் அந்த வயித்தெரிச்சல் உண்டு.

இதைவிட மோசம் அதுக்கப்புறம் வந்ததுதான். 2005ல பூமி-2 சூப்பர்மேனையும் கிழவி லோயிஸையும் திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க. இருபது வருஷம் கழிச்சு வந்த தாத்தா பாட்டி. நான் ஓடிப்போய் வாங்கினேன். ரெண்டு பேரையும் அந்தக் கதையிலேயே சாகடிச்சுட்டுத்தான் விட்டாங்க. அடுத்து 52 பூமின்னு அறிவிச்சாங்க. 2014ல கிராண்ட் மாரிசன் எழுதின மல்டிவர்சிட்டி தொடர்ல அதுக்கு ஒரு வரைபடமே வந்தது. அழகான வரைபடம், பொய் சொல்லல. ஆனா அதைப் பார்த்தப்போ எனக்கு பைபாஸ் ரோட்டுல லேஅவுட் போட்டுக் கல்லு நட்ட மாதிரிதான் இருந்தது. அதுல 7 பூமி காலி மனை. 'பின்னால அறிவிக்கப்படும்'. நிறைய மனையில வீடும் இல்ல, குடித்தனமும் இல்ல.

நல்லதும் சொல்லணும். 2003ல ரெட் சன் வந்தது. சூப்பர்மேன் குழந்தையா இருந்த விண்கலம் அமெரிக்காவுல விழாம சோவியத் மண்ணுல விழுது. 3 இதழ்ல ஆரம்பிச்சு முடிச்சாச்சு. முக்கியக் கதையை அது தொடவே இல்ல, அதனால யாரும் திருத்த வரல. மறுபடியும் அதே கொல்லைப்புறக் கதைதான்.

குடியாத்தம் லுங்கி:

அப்ப அகழி அண்ணன் கேட்ட டீக்கடை சீன யாருமே எழுதலையா?

கோட்டை அகழி, வேலூர்:

1961லயே பாதி எழுதிட்டாங்க தம்பி. ஜே கேரிக் வீட்டுல உக்காந்து ரெண்டு பேரும் பேசறாங்க. ஆனா சீக்கிரமே மூணு வில்லன் வந்துடறாங்க.

ஜங்ஷன் சார் சொன்ன கொல்லைப்புறம் சரியாத்தான் படுது. கடுப்பு கொஞ்சம் இடம் மாறியிருக்கு, குறையல. ஒண்ணு சொல்லவா? நம்ம கோட்டையைச் சுத்தும்போது நானே ஒரு கதை ஓட்டுவேன். 1806 ஜூலை 10. சிப்பாய்கள் எழுந்து கோட்டையைப் பிடிச்சு மைசூர்க் கொடியை ஏத்திட்டாங்க. ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பியோட குதிரைப்படை அன்னைக்கே வந்து அடக்கிடுச்சு. வர்ற வழியில குதிரைக்கு லாடம் கழண்டு ஒரு நாள் தாமதமாகியிருந்தா? இப்படிச் சொன்னதும் எல்லாரும் வெள்ளைக்காரன் ஓடியிருப்பான், திப்பு மகன் ராஜாவாகியிருப்பான்னு மேல போயிடுவாங்க. எனக்கு அந்த பூமியில தப்பிச்ச ஒரு சாதாரண சிப்பாய் வேணும். வயசாகி, பேரப்பிள்ளையோட, அகழிக் கரையில உக்காந்திருக்கணும். இந்த பூமியில அதே இடத்துல சுடப்பட்டுச் செத்த தன்னையே அவன் ஒரு தடவை பார்க்கணும். என்ன பேசுவான்னு இன்னும் பிடிபடல. மூணு வருஷமா ஒரு நோட்டுல அந்த ஒரு பக்கத்தை மட்டும் அடிச்சு அடிச்சு எழுதிட்டு இருக்கேன்.

திமிரி அக்கா:

தம்பி, அந்த அட்டை இல்லாத 11வது இதழ் இன்னும் இருக்கா? பையன் கேக்கிறான். எனக்கும் அந்தப் பொண்ணு அழறதைக் காகிதத்துல பார்க்கணும்.

கோட்டை அகழி, வேலூர்:

இருக்கு அக்கா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஜலகண்டேஸ்வரரைப் பார்க்க வருவீங்கன்னா கோயில் வாசல்லயே குடுக்கறேன். கரையான் தின்ன மூலை உதிருது. பிளாஸ்டிக் கவர்ல போட்டுத் தர்றேன். கவரோடவே திருப்பிக் குடுத்துடணும், பையன்கிட்ட சொல்லி வைங்க. 12வது இதழைக் கேக்காதீங்க. அதை நான் வாங்கல.