சாப்பிட்டதை மறந்துவிட்டுத் திரும்பத் திரும்பச் சோறு கேட்கிறார், என்ன செய்வது?

கேள்வி:
மாமியாருக்கு வயது 76. மறதி நோய்க்கு மாத்திரை போகிறது, சர்க்கரையும் உண்டு. காலையில் நாலு இட்லி சாப்பிட்டுக் கை கழுவிய கால் மணி நேரத்தில் "இன்னும் ஒண்ணும் குடுக்கலையே" என்கிறார். "இப்பதானே அத்தை சாப்பிட்டீங்க" என்றால் கோபம். மருமகள் பட்டினி போடுகிறாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லியாயிற்று. ராத்திரி எழுந்து பச்சை மாவை அள்ளி வாயில் போடுகிறார். எடை ஏறிக்கொண்டே போகிறது.

பதில் 1:
வாதாடாதீர்கள். உங்களுக்குத்தான் அவர் சாப்பிட்டது தெரியும். அவருக்குப் பசி நிஜம். என் அம்மாவுக்கு நாலு இட்லியை எட்டு மணிக்கு இரண்டு, பத்து மணிக்கு இரண்டு என்று பிரித்துக் கொடுத்தேன். மொத்த அளவு அதேதான். சாப்பிட்ட தட்டை உடனே எடுக்காமல், சட்னி ஒட்டியபடியே அவர் எதிரில் விட்டுவைப்பேன். நடுவில் கேட்டால், "அடுப்புல இருக்கும்மா, வெந்ததும் தர்றேன்" என்று சொல்லி, கொஞ்சம் நீர்மோர். கீரை ஆயக் கொடுத்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். பக்கத்து வீட்டாரிடம் நோயைப் பற்றிச் சொல்லிவிடுங்கள், அப்புறம் அவர்களும் முறுக்குத் தட்டை நீட்டமாட்டார்கள்.

பதில் 2:
நான் நர்ஸ். முதலில் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை நோய் மாத்திரையில் ரத்தச் சர்க்கரை ரொம்ப இறங்கினால் அகோரப் பசி எடுக்கும். வியர்வை, நடுக்கம் இருந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மோர் போதாது, சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுக்க வேண்டும். மாத்திரை டப்பா அவர் கையில் இருக்கவே கூடாது, போட்டதை மறந்து இன்னொன்றும் போட்டுவிடுவார். தூக்கத்துக்கோ கோபத்துக்கோ கொடுக்கும் ஒலான்சபின், குயட்டியாபின், மிர்டசபின் எல்லாம் பசியைக் கூட்டலாம். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். பச்சை மாவு விஷயத்தை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். மூளையின் முன்பகுதி பாதித்தால் கண்டதையும் வாயில் திணிப்பார்கள், புரையேறும். பினாயில், சோப்புத்தூளை இன்றைக்கே பூட்டி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
குயட்டியாபின் சேர்த்த பிறகுதான் இது அதிகமானது! வியாழக்கிழமை டாக்டரிடம் கேட்கிறேன். சமையலறைக் கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள் போட்டாயிற்று. மதியம் தட்டை எடுக்காமல் விட்டுப் பார்த்தேன். "யாரு தின்னுட்டு இப்படிப் போட்டுட்டுப் போனது" என்று திட்டினார். ஆனால் சோறு கேட்கவில்லை.