ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாலிபாலில் செட் சொல்லிக்கொடுப்பது எப்படி?

செய்யாறு டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எங்களுக்கு உடற்கல்வி ஆசிரியர் இல்லை, அதனால் ஏழாம் வகுப்பின் விளையாட்டுப் பீரியடும் என் பொறுப்பு. 38 பிள்ளைகள், மூன்று வாலிபால், மண் தரை, 40 நிமிடம். கல்லூரியில் ஆடியிருக்கிறேனே தவிர யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

பந்தைக் கீழிருந்து எடுக்கும் அண்டர்ஹேண்ட் ஓரளவு வந்துவிட்டது. செட்டில்தான், அதாவது அடுத்தவர் அடிக்க வசதியாகப் பந்தைத் தலைக்கு மேலே விரல்களால் தூக்கிக் கொடுப்பதில்தான், மாட்டிக்கொண்டு நிற்கிறோம். பந்து இல்லாமல் கையைக் காட்டச் சொன்னால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எல்லாரும் அழகாக முக்கோணம் வைக்கிறார்கள். பந்தைப் போட்டதும் அந்த முக்கோணம் காணாமல் போய்விடுகிறது, உள்ளங்கையால் பட்டென்று அறைகிறார்கள். பாதிப் பேர் நின்ற இடத்தை விட்டு நகராமல் கையை மட்டும் நீட்டுகிறார்கள். ஒரு பெண்ணுக்கு விரல் மடங்கி வீங்கிவிட்டது. அதைப் பார்த்த நாலைந்து பேர் இப்போது பந்து வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ‘உனக்கு வராது, ஓரமாக உட்கார்’ என்று அவர்களை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பழைய லிஃப்டர்:

வணக்கம் டீச்சர். நான் மாவட்ட அணிக்கு லிஃப்டராக, அதாவது அடிக்கிறவருக்கு செட் போட்டுக் கொடுப்பவராக, ஆடினவன். இப்போது எங்கள் ஊர் கிரவுண்டில் காலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஓரமாக உட்கார வைக்க மனம் வரவில்லை என்றீர்களே, அந்த ஒரு வரிக்காகவே விரிவாக எழுதுகிறேன்.

முக்கோணத்தைப் பற்றி இனி கொஞ்ச நாள் பேசவே வேண்டாம். கை வடிவம் தெரியாததால் அவர்கள் அறையவில்லை. பந்து அவர்கள் நெஞ்சுக்கு நேராக வந்து சேர்கிறது. அந்த உயரத்தில் பந்தைச் சந்திக்க உள்ளங்கையைத் தவிர வேறு வழியில்லை. செட் நெற்றிக்கு மேலே நடக்கிற வேலை. பந்து நெற்றிக்கு மேலே இறங்க வேண்டுமானால் பிள்ளை அதற்கு முன்னாலேயே பந்துக்கு அடியில் போய் நின்றிருக்க வேண்டும். அதனால் முதல் பாடம் காலுக்கு.

முதல் சில வகுப்புகளில் யாரும் செட் பண்ண வேண்டாம், பிடிக்கட்டும். ஒருவர் இரண்டு கையாலும் கீழிருந்து பந்தை உயரமாகப் போடட்டும். எதிரில் இருப்பவர் பந்து இறங்கும் இடத்துக்கு ஓடி, நின்று, நெற்றிக்கு மேலே விரல்களால் பிடிக்க வேண்டும். பிடித்த உடனே ‘அப்படியே நில்’ என்று குரல் கொடுங்கள். அசையாமல் நிற்கும்போது நீங்கள் நிதானமாகப் பார்க்கலாம். பந்து நெற்றிக்கு மேலேதான் இருக்கிறதா, அல்லது மூக்குக்கு முன்னால் இருக்கிறதா? இரண்டு கைக்கும் நடுவே அவர்களால் பந்தின் அடிப்பாகத்தைப் பார்க்க முடிகிறதா? முட்டி மடங்கியிருக்கிறதா, ஒரு கால் கொஞ்சம் முன்னால் இருக்கிறதா? எல்லாவற்றையும் விட முக்கியமாகக் கட்டைவிரலைப் பாருங்கள். அது முகத்தைப் பார்த்து மடங்கியிருக்க வேண்டும். பந்தைக் குத்துகிற மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் இன்றோ நாளையோ விரல் மடங்கத்தான் போகிறது. நல்ல இடத்தில் போய்ப் பிடிக்கிற பிள்ளைக்கு நீங்கள் சொல்லாமலே முக்கோணம் வந்துவிடும், ஏனென்றால் தலைக்கு மேலே பந்தை வேறு மாதிரி பிடிக்க முடியாது.

இது நிலைத்த பிறகு, பிடித்து, ஒரு நொடி வைத்திருந்து, மேலே தள்ளச் சொல்லுங்கள். தள்ளுவது கையிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. முட்டி நிமிர வேண்டும், அதோடு முழங்கை, கடைசியில்தான் விரல். பாரம் தாங்குவது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மற்ற இரண்டும் பந்து பக்கவாட்டில் நழுவாமல் பார்த்துக்கொள்ளும். முடிவில் கை முழுக்க நீண்டு, உள்ளங்கை பந்து போன திசையைப் பார்க்க வேண்டும். அப்புறம் அந்த ஒரு நொடியை அரை நொடியாக்குங்கள், பிறகு அதையும் எடுத்துவிடுங்கள். அது போன பிறகு மிஞ்சுவதுதான் செட்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை காதால் செய்வது. பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்று கேளுங்கள். உள்ளங்கை பட்டால் ‘பட்’ என்று சத்தம் வரும், விரலில் பட்டால் அநேகமாகச் சத்தமே வராது. இதைப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள், தங்கள் தப்பைத் தாங்களே கேட்டுத் திருத்திக்கொள்வார்கள்.

பந்து போடுகிறவரை யாரும் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் பாதி வகுப்பு வீணாவது அங்கேதான். தாழ்வாக, வேகமாக, முகத்துக்கு நேரே போட்டால் எந்தப் பிள்ளையாலும் செட் பண்ண முடியாது. வாங்குபவரின் தலைக்கு மேல் இன்னொரு ஆள் உயரம் பந்து எழும்பி, பிறகு இறங்க வேண்டும். இதைக் கற்றுக்கொடுக்க ஒரு முழுப் பீரியட் போனாலும் போகட்டும்.

பந்தையும் யோசியுங்கள். பெரியவர்கள் பந்தின் எடை 260 முதல் 280 கிராம், சுற்றளவு 65 முதல் 67 சென்டிமீட்டர். 12 வயதுப் பிள்ளையின் விரலுக்கு அது பாரம்தான். 200 கிராம் அளவில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே லேசான பந்துகள் விற்கிறார்கள். வாங்க வழியில்லை என்றால் திருவிழாக் கடையில் கிடைக்கும் பெரிய பிளாஸ்டிக் பந்தே போதும். பயந்துபோன அந்த நாலைந்து பேருக்கு பலூன் கொடுங்கள். பலூன் மெதுவாக இறங்குவதால் அடியில் போய் நிற்க நேரம் கிடைக்கும், விரலும் வலிக்காது. பயம் தெளிந்த பிறகு பிளாஸ்டிக் பந்து, அப்புறம் வாலிபால்.

வலிகாமம் சேர்:

வணக்கம் ரீச்சர். யாழ்ப்பாணப் பக்கம் ஒரு பாடசாலையில் உடற்கல்வி படிப்பிக்கிறேன். 1991இல் இருந்து கரப்பந்தாட்டம், அதாவது நீங்கள் சொல்கிற வாலிபால்தான் இலங்கையின் தேசிய விளையாட்டு. எங்கள் ஊர்களில் அதை ஓவர் கேம், செற்றப் கேம் என்று இரண்டு விதமாகவும் ஆடுவார்கள். பிள்ளைகள் தெருவில் பார்த்துப் பழகியே வகுப்புக்கு வருவார்கள். அப்படி வருகிறவர்களுக்கும் விரல் வேலை மட்டும் மெதுவாகத்தான் வரும்.

மேலே ஐயா எழுதியதில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பிடித்து விடுகிற பயிற்சி நீண்டால் பிள்ளை அதையே பழகிவிடும். பிறகு போட்டியில் பந்தைப் பிடித்ததற்காக நடுவர் விசில் அடிக்கும்போது தான் செய்த பிழை என்னவென்று அதற்கு விளங்காது. இரண்டு மூன்று வகுப்புக்கு மேல் பிடிக்க விடாதீர்கள்.

நான் சுவரைப் பாவிப்பேன். சுவரிலிருந்து ஒரு கை நீளத்தில் நின்று, நெற்றிக்கு மேலே, விரலால் மட்டும், சின்னச் சின்னதாகத் தொடர்ந்து தட்டுவது. சுவர் பந்தை உடனே திருப்பி அனுப்புவதால் பிடித்து வைக்க நேரமே இருக்காது. நெற்றிக்கு மேலேயே கை இருப்பதால் பந்து நெஞ்சுக்கு இறங்கவும் விடாது. இன்னொன்று, பந்தை நிலத்தில் ஓங்கி அடித்து, அது எழும்பி இறங்கும்போது அடியில் போய்ச் செற் பண்ணுவது. நிலத்தில் பட்டு வரும் பந்து ஏறக்குறைய நேராகவே இறங்கும், ஒழுங்காகப் போடத் தெரிந்த ஆளைத் தேடத் தேவையில்லை. மண் தரையில் எழும்பாது என்றால் பள்ளி முற்றத்தில் சீமெந்துத் தரை இருக்கும்தானே, அங்கே செய்யுங்கள்.

பிசியோ அக்கா, மதுரை:

அந்த வீங்கிய விரலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட்.

விரலில் அடிபட்டதும் பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். தயவுசெய்து யாரையும் இழுக்க விடாதீர்கள் டீச்சர். எலும்பிலோ தசைநாரிலோ காயம் இருந்தால் இழுப்பதால் அது பெரிதாகும். துணியில் சுற்றிய ஐஸை பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, பக்கத்து விரலோடு சேர்த்து லேசாக டேப் ஒட்டி, அன்றைக்கு விளையாட்டை நிறுத்துங்கள். விரல் நுனி தொங்கிப்போய் அவர்களாக நிமிர்த்த முடியவில்லை என்றாலோ, விரல் கோணலாகத் தெரிந்தாலோ அன்றே டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நுனி தொங்குவதைச் சுளுக்கு என்று விட்டுவிட்டால் அப்படியே நின்றுவிடும் ஆபத்து உண்டு.

நகம் வெட்டியிருக்கிறதா, மோதிரம், வளையல் கழற்றியாகிவிட்டதா என்று பீரியட் தொடங்கும் முன் பாருங்கள். பந்தில் காற்று கல்லாக இருக்கக் கூடாது, பழகுகிற காலத்தில் கொஞ்சம் இறக்கியே வையுங்கள்.

செய்யாறு டீச்சர்:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தப் பெண்ணின் விரல் நிமிர்கிறது, வீக்கம் வடிந்துவிட்டது. ஆனாலும் அவள் அம்மாவிடம் ஒரு தடவை பேசிவிடுகிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. 38 பேர், மூன்று பந்து என்றால் மற்றவர்கள் வரிசையில் நின்றே பீரியட் முடிந்துவிடுகிறது. அப்புறம், பையன்கள் ‘டீச்சர், நேராக அந்தப் பக்கம் அடித்துவிட்டால் பாயிண்ட் வருமே, எதற்கு செட்?’ என்று கேட்கிறார்கள்.

பழைய லிஃப்டர்:

வரிசையே வேண்டாம் டீச்சர். மூன்று வாலிபாலுக்கு மூன்று பேர் வீதம் ஒன்பது பேர்: ஒருவர் போட, ஒருவர் செட் பண்ண, ஒருவர் பிடிக்க, பிறகு இடம் மாறிக்கொள்ள. இன்னொரு கூட்டத்துக்கு நாலைந்து பிளாஸ்டிக் பந்தோடு சுவர். அதில் சேர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், விரல் பழக சுவர் நல்ல வாத்தியார். ஆனால் சுவர் முன்னால் நிற்கிற பிள்ளை ஓடிப் பழகாது, அதனால் பிடிக்கிற பயிற்சியை நான் விடமாட்டேன். மூன்றாவது கூட்டத்துக்கு பலூன். நாலாவது கூட்டம் மரக்கிளையில் படுக்கைவாட்டில் கட்டிய பழைய சைக்கிள் டயருக்குள் பந்தை இறக்கட்டும். டயர் தரையிலிருந்து இரண்டரை மீட்டராவது இருக்கட்டும். அதற்குள் பந்து விழ வேண்டுமானால் அதைவிட உயரமாக எழும்பித்தான் ஆக வேண்டும், ‘உயரமாகப் போடு’ என்று நீங்கள் கத்த வேண்டியதில்லை. எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை விசில் அடித்துக் கூட்டங்களை மாற்றுங்கள்.

பையன்கள் கேட்பது நல்ல கேள்வி. 1895இல் அமெரிக்காவில் வில்லியம் மோர்கன் இந்த ஆட்டத்தை உண்டாக்கியபோது இப்போது நாம் பார்க்கிற தூக்கி அடிக்கிற முறை கிடையாது. ஒருவர் உயரமாகத் தூக்கிக் கொடுக்க இன்னொருவர் எகிறி அடிப்பது 1916 வாக்கில் பிலிப்பைன்ஸில்தான் உருவானது. இந்தக் கதையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு இரண்டு மரத்துக்கு நடுவே இரண்டு மீட்டர் உயரத்தில் கயிறு கட்டி, மூன்றுக்கு மூன்று ஆட விடுங்கள். முதல் பந்தைப் பிடித்துக்கொள்ளலாம், இரண்டாவது கட்டாயம் செட்டாக இருக்க வேண்டும், மூன்றாவது அந்தப் பக்கம். செட் போட்டு எடுத்த பாயிண்டுக்கு இரண்டு மதிப்பெண். அடிக்கிற பையன்களே நல்ல லிஃப்டரைத் தேடி ‘நீ எங்கள் பக்கம் வா’ என்று கூப்பிட ஆரம்பிப்பார்கள். உங்கள் பலூன் கூட்டத்திலிருந்தும் அப்படி ஒருத்தி வரலாம். பொறுமையும் அடுத்தவருக்குக் கொடுக்கிற குணமும் இருக்கிற பிள்ளைகள் லிஃப்டராக நன்றாக வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டத்தில் பந்து ஒருவர் மேலேயே அடுத்தடுத்து இரண்டு தடவை பட்டதற்காக ‘டபுள்’ என்று விசில் அடிக்க வேண்டாம். அணியின் முதல் தொடுதலில் ஒரே அசைவில் பந்து இரண்டு இடத்தில் பட்டாலும் பெரியவர்கள் விதியே விட்டுக்கொடுக்கிறது. பிள்ளைகளுக்கு இந்த வருடம் எல்லாத் தொடுதலிலும் விட்டுக்கொடுங்கள். முதல் பந்தைத் தவிர மற்றவற்றில் பிடித்து எறிவதை மட்டும் நிறுத்துங்கள். பின்பக்கம் செட், எகிறி செட் எல்லாம் யாராவது கேட்டாலும் ஒன்பதாம் வகுப்புக்குத் தள்ளி வையுங்கள்.